பூட்டிய பக்கம்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

சர்வதேசச் சட்டத்தை இணையவழியில் நடத்தும்போது, ஒரு மணி நேர விரிவுரையைப் பதிவேற்றி, கீழே பத்துக் கேள்விகளை வைத்துவிடுகிறோம். படைபலப் பயன்பாட்டைத் தடைசெய்யும் ஐ.நா. சாசனப் பிரிவு எது? மாணவர் 2(4) என்று குறிக்கிறார், மதிப்பெண் வாங்குகிறார். தற்காப்பு உரிமை எப்போது பிறக்கிறது என்று கேளுங்கள், திணறுகிறார். சாசனத்தில் தற்காப்பைச் சொல்வது 51ஆவது பிரிவு. போர்க்கால விதிகளான ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறையில் பொதுமக்களைக் காப்பதும் 51ஆவது பிரிவுதான்! எண்ணை மட்டும் படித்தவர் என்ன செய்வார்?

இணையக் கல்வியில் என் கணிப்பில் காணொளியைவிடப் பெரிய கருவி பூட்டு. பதில் எழுதி அனுப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்ற அந்தச் சிறு வசதி.

முதலாம் கூடுதல் நெறிமுறை அளக்கச் சொல்வது 'எதிர்பார்க்கப்பட்ட' பொதுமக்கள் சேதத்தை. அதை, தாக்குதலால் கிடைக்கும் என்று எதிர்பார்த்த இராணுவ ஆதாயத்தோடு ஒப்பிட வேண்டும். முடிவெடுத்த வேளையில் தளபதியிடம் இருந்த தகவலே அளவுகோல். பிறகு எண்ணிய உடல்கள் அல்ல. ஆகவே ஒரு வழக்கை நான்கு பக்கமாக்குங்கள். முதலில் ஒரு பாலம், அதைக் கடக்கும் ஆயுத வண்டிகள். அடுத்து, பாலத்தருகே சந்தை கூடும் நேரம். மூன்றாவதில், தாக்குதலை நிறுத்தலாமா என்று யோசிக்கவைக்கும் புதுத் தகவல்; அந்தக் கடமை 57ஆவது பிரிவில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நூறு சொல்லில் முடிவும் காரணமும். கடைசிப் பக்கத்தில்தான் இறந்தவர் எண்ணிக்கை. 'உங்கள் முதல் முடிவு சட்டப்படி தவறா?' என்று அங்கே கேளுங்கள். எண்ணிக்கையைப் பார்த்து மட்டுமே மனம் மாறியவர்களோடுதான் நேரலை வகுப்பைத் தொடங்க வேண்டும். அனுப்பிய பதிலைத் திருத்த வழி வைத்தாலோ, வழக்கை ஒரே பி.டி.எஃப். கோப்பாகக் கொடுத்தாலோ, பயிற்சி அங்கேயே செத்துவிடும்.

பாதுகாப்புக் கவுன்சில் வாக்கெடுப்பை நடத்திப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. 15 உறுப்பினர்கள், 9 ஆதரவு வாக்குகள், நிரந்தர உறுப்பினர் ஐவருக்கு வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம். பல வாக்கெடுப்புச் செயலிகளில் 'ஆம்', 'இல்லை' மட்டும் வைத்துவிடுகிறோம். 'வாக்களிக்கவில்லை' என்ற மூன்றாவது பொத்தான் கட்டாயம் வேண்டும். நிரந்தர உறுப்பினர் ஒதுங்கி நிற்பது வீட்டோ ஆகாது என்பதை சாசனத்தின் 27ஆவது பிரிவை வாசித்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. நடைமுறையில் வளர்ந்த அதை 1971இல், நமீபியாவில் தென்னாப்பிரிக்கா நீடித்தது பற்றிய கருத்துரையில் சர்வதேச நீதிமன்றம் ஏற்றது.

நாடுகளுக்குக் கற்பனைப் பெயரே வையுங்கள், விவாதத்தைப் பதிவு செய்யாதீர்கள். போர் நடக்கும் நாட்டு மாணவர் தன் அரசுக்கு எதிராக வாதாட வேண்டிய முறை வரும். அந்தக் குரல் ஒரு கோப்பாகச் சுற்றக்கூடாது.