முடிக்குள்ள மறைச்சு கொண்டுபோன நெல்லு

வணக்கம் மக்களே. பிரேசிலுக்கு மேல சூரினாம்னு ஒரு சின்ன நாடு, ஒரு காலத்துல டச்சுக்காரன் ஆண்டது. அங்க தோட்டத்துல அடிமையா கெடந்த ஆப்பிரிக்க ஜனங்கள்ல நெறைய பேரு காட்டுக்குள்ள தப்பிச்சு ஓடுனாங்க, அவங்க வாரிசுங்களுக்கு மரூன்னு பேரு. அவங்க தலைமுறை தலைமுறையா சொல்ற கதை என்னன்னா, பாஞ்சான்னு ஒரு அம்மா ஓடும்போது தன் முடிக்குள்ள நெல்ல மறைச்சு கொண்டு போனாங்களாம். அவங்க பேர்லயே ஒரு நெல்லு ரகம் இன்னைக்கும் இருக்கு!

சும்மா கதைன்னு விட்றாதீங்க. 2016ல மரூன் வயல்ல வெளையுற ஒரு கருப்பு நெல்லோட டிஎன்ஏவ பாத்தா, அது மேற்கு ஆப்பிரிக்கால இருக்குற ஐவரி கோஸ்ட் நாட்டோட மேற்குப் பக்கத்து நெல்லோட ஒத்துப்போகுது. இது ஆசிய நெல்லே கெடையாது, நைஜர் ஆத்துப் பக்கம் சுமார் 3000 வருஷம் முன்னாடி அங்கத்து விவசாயிங்க பழக்குன தனி இனம்.

கடல் தாண்டுனது எப்படி? கப்பல்ல சாப்பாட்டுக்கு ஏத்துன மூட்டைல குத்தாத நெல்லும் இருந்துச்சு, பொம்பளைங்களதான் குத்த வெச்சாங்க. குத்துனா சோறு, குத்தாம விட்டா விதை, அவ்ளோதான்.

அமெரிக்கால தெற்கு கரோலினா கதை வேற. அங்க பெருசா வெளஞ்சது ஆசிய நெல்லுதான், ஆனா சதுப்புல பாத்தி கட்டுறது, குதிகால்ல குழி போட்டு வெதைய மூடுறது, உரல்ல குத்தி மொறத்துல பொடைக்கிறது எல்லாம் மேற்கு ஆப்பிரிக்கா கைப்பக்குவம். சார்ல்ஸ்டன் பேப்பர்ல 'நெல்லு வெளையுற கரைல இருந்து வந்த அடிமைங்க'ன்னு வெளம்பரமே போட்டு வித்திருக்கான், கூச்சமே இல்லாம. அங்க நெல்லு விவசாயம் செழிச்சதுக்கு அந்த ஆப்பிரிக்க அறிவு எந்த அளவுக்கு காரணம்னு வரலாற்று ஆளுங்க நடுவுல இன்னும் சண்டை ஓடுது. எனக்கென்னவோ அந்த வெளம்பரமே பாதி பதில் சொல்லிருச்சுன்னு தோணுது.

வெண்டைக்கா, தட்டப்பயறு, எள்ளு எல்லாமும் இதே ரூட்டுதான். தெற்கு கரோலினா பக்கம் புத்தாண்டு அன்னைக்கு சாப்பிடுற ஹாப்பின் ஜான்ன்றது வேற ஒண்ணும் இல்ல, தட்டப்பயறும் அரிசியும் சேத்த சோறு. பிரேசில்ல பாஹியான்ற மாநிலத்துல ரோட்டோரம் பயறு அரைச்சு பனை எண்ணெய்ல சுடுற அகராஜே பாத்தீங்கன்னா அப்படியே வடைதான், நைஜீரியால அதுக்குப் பேரு அகரா.

சூரினாம்ல அந்த கருப்பு நெல்ல இப்பவும் கொஞ்சமாதான் போடுறாங்க, அதுவும் சாப்பாட்டுக்கு மட்டும் இல்ல, முன்னோருக்குப் படைக்கவும்தான்.