அம்மாக்களே, எடையைப் பாருங்கள்
(டர்பன், சாட்ஸ்வர்த்தில் கோயில் மண்டபக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

சபையோருக்கு வணக்கம். கோயில் மண்டபத்தில் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கினேன். "உங்களிடம் பயிற்சிக்கு வரும் பையன்களின் அம்மாக்கள்தாம் ஐயா முன்வரிசையில் இருக்கிறார்கள்" என்றார் செயலாளர் தம்பி. அப்படியானால் அம்மாக்களிடமே பேசுகிறேன். அப்பாக்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பிள்ளை தொழில்முறைச் சண்டைக்குப் போனால், ஒரு நாள் வீட்டுக்கு ஒப்பந்தத் தாள் வரும். எல்லோர் கண்ணும் தொகையில் போய் நிற்கும். நீங்கள் எடையைத் தேடுங்கள்.

நம் கடைகளில் எல்லாம் கிலோ. குத்துச்சண்டை மட்டும் இன்னும் பவுண்டை விடவில்லை. சண்டைக்காரர்களை எடைப் பிரிவுகளாகப் பிரிப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சவரம்பு. ஃபிளைவெயிட் பிரிவுக்கு 112 பவுண்டு, அதாவது ஐம்பது கிலோவுக்குச் சற்று மேல். அடுத்த பிரிவு 115, அதற்கடுத்தது 118. மேலே போகப் போக இடைவெளி விரிந்து, 175க்குப் பிறகு ஒரே தாவலாக 200. ஒல்லிப் பையனுக்கு மூன்று பவுண்டே பெரிய சதை என்பதால்தான் கீழே இவ்வளவு நெருக்கம்.

நம் நாட்டு பேபி ஜேக் மட்லாலாவின் உயரம் 147 சென்டிமீட்டர். இங்கே அமர்ந்திருக்கும் பாட்டிமார் பலர் அவரைவிட உயரம். அவர் 1993இல் கிளாஸ்கோவில் பாட் கிளின்டனை வீழ்த்தி ஃபிளைவெயிட் உலகப் பட்டம் பெற்றார். பிறகு ஒரு பிரிவு கீழே இறங்கி அங்கும் பட்டம் வாங்கினார். உயரத்தை எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தவர், எடையை விட்டுக்கொடுக்கவில்லை. குட்டை உடம்பை ஓயாத கைகள் ஈடுகட்டின. எதிராளியின் கூடுதல் சதையோடு வரும் குத்தை எது ஈடுகட்டும்?

ஒரு காலத்தில் இந்நாட்டில் எடைக்கு முன் தோலை நிறுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1973 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் பாப் ஃபாஸ்டரும் பியர் ஃபூரியும் மோதியபோதுதான் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வளையத்தில் நிற்க அரசு இடம் கொடுத்தது. இருவரும் ஒரே எடைப் பிரிவு, 175 பவுண்டு லைட் ஹெவிவெயிட்காரர்கள்.

இன்றைய தராசைப் பிடித்திருப்பது டிக்கெட் விற்பனை. வேறு வேறு பிரிவுக்காரர்கள் மோத வேண்டுமானால் நடுவில் ஓர் எடையைப் பேசி முடிப்பார்கள், கேட்ச்வெயிட் என்பார்கள். சம்பந்தி வீட்டுப் பேச்சுபோலத்தான்: யாருக்குக் கை ஓங்கியிருக்கிறதோ அவர் சொல்வதே எடை. 2016 மே மாதம் கனெலோ ஆல்வரேஸ் தம் மிடில்வெயிட் பட்டத்துக்கு அமீர் கானை அழைத்தார். மிடில்வெயிட் வரம்பு 160. பேசி முடித்த எடையோ கனெலோவுக்குப் பழகிய 155. கான் 147இலிருந்து ஏறி வந்தவர். ஐந்து சுற்று அவருடைய வேகம் கண்ணுக்கு அழகாக இருந்தது. ஆறாவதில் ஒரே வலது கை. கீழே விழுந்தவர் எழவில்லை.

"கிராஃபோர்ட் ஜெயித்தாரே?" என்று பையன்கள் என்னிடம் மல்லுக்கு நிற்பார்கள். ஜெயித்தார். 2025 செப்டம்பரில் 154இலிருந்து 168க்குத் தாவி அதே கனெலோவைப் புள்ளிகளில் வென்றார். அதற்கு முன் நான்கு பிரிவுகளில் பட்டம் வென்றிருந்த 37 வயது மனிதர் அவர். உங்கள் பையனுக்கு இது நான்காவது சண்டை!

இன்னொரு சூழ்ச்சி, தராசிலிருந்து இறங்கிய பிறகு நடப்பது. எடை பார்ப்பது சண்டைக்கு முந்தைய நாள். இரவெல்லாம் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றி மறுநாள் வேறு ஆளாக வருவார்கள். 2000 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆர்த்துரோ காட்டி அப்படித்தான் பெருத்து வந்தார். அவரிடம் இரண்டாம் சுற்றில் விழுந்த ஜோயி கமாச்சே பிறகு வளையம் ஏறவேயில்லை. அதனால் சில ஒப்பந்தங்களில், மறுநாள் காலை இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரி இருக்கும்.

அந்த வரி இல்லாத தாளில் என் மாணவன் ஒருவன் கையெழுத்திட்டான். டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடி எடையைக் குறைத்தான். மறுநாள் எதிர்மூலையில் நின்றவனைப் பார்த்து, "அண்ணே, நேற்று வந்தவன் இவனா?" என்று கேட்டான். மூன்றாம் சுற்றில் சண்டையை நிறுத்தச் சொல்லி நான்தான் துண்டை வீசினேன். இன்றும் அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் அம்மா பேசுகிறார்.

தாள் வந்தால் கையெழுத்திடுமுன் கொண்டுவாருங்கள். செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணிக்குப் பயிற்சிக்கூடத்தில் இருப்பேன். மூக்குக்கண்ணாடியும் இருக்கும், அந்த வரியைப் பொடி எழுத்தில்தான் அடிப்பார்கள்.