பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் ஒன்பது வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கேட்டவர் கரூரிலிருந்து ஓர் அம்மா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. போன முறை இங்கிலாந்து நூற்பாலைகளைப் பற்றிப் பேசும்போது நான் 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொன்னேன், ஞாபகம் இருக்கும். ஒன்பது வயது நிரம்பாத பிள்ளையை ஆலையில் சேர்க்கக் கூடாது, பதின்மூன்று வயது வரை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் பதினெட்டு வரை பன்னிரண்டு மணி நேரம். பட்டு ஆலைகளுக்கு மட்டும் வயது விஷயத்தில் விலக்கு. இதைச் சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த அம்மா கேட்கிறார்: "ஐயா, அப்போது பிறப்புச் சான்றிதழ் ஏது? இந்தப் பிள்ளைக்கு ஒன்பது ஆகிவிட்டது, ஆகவில்லை என்று யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள்?"

முப்பது வருடம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்த கண் அல்லவா, சரியான இடத்தில் பிடித்துவிட்டார்.

அவர் சந்தேகம் நியாயமானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு இறப்பை அரசாங்கம் பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். சட்டம் வந்தது 1833-இல். அதற்கு முன்பு இருந்தது தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றுதான். அதில் இருப்பது ஞானஸ்நானம் கொடுத்த தேதி. பிள்ளை பிறந்து எத்தனை மாதம், எத்தனை வருடம் கழித்துக் கொடுத்தார்களோ, அது அவரவர் வசதி. அரசுத் திருச்சபையைச் சேராதவர்களின் பிள்ளைகள் அந்தப் பதிவேட்டில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். பிழைப்புக்காக அயர்லாந்திலிருந்து வந்து மான்செஸ்டர் பக்கம் இறங்கிய குடும்பத்துக்கு எந்த ஊர்ப் பதிவேட்டைப் போய்ப் புரட்டுவது?

ஆக, சட்டம் வயதைக் கேட்டது, நாட்டில் வயதுக்குக் கணக்கு இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரியும். அதனால் ஒரு வழி வைத்தார்கள். பக்கத்தில் இருக்கிற மருத்துவர் ஒருவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, 'ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சாதாரணமாக இருக்க வேண்டிய வலுவும் தோற்றமும் இதற்கு இருக்கிறது' என்று சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், வயது ஒன்பது என்று அவர் சொல்வதில்லை. ஒன்பது மாதிரி இருக்கிறது என்கிறார், அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. என் வயதுக்காரர்களுக்கு இது புரியும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனால் வாத்தியார் என்ன செய்வார்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் சேர்த்துக்கொள்வார், தொடாவிட்டால் அடுத்த வருடம் வரச் சொல்வார். எனக்கு எட்டவில்லை. விரல் நுனிக்கும் காதுக்கும் இடையே ஒரு அரிசி அளவு இடைவெளி. பின்னால் நின்றிருந்த தாத்தா என் தலையை வாஞ்சையாகத் தடவுவது போல லேசாகச் சாய்த்துவிட்டார். விரல் காதில் பட்டது. வாத்தியார் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். அந்தக் கதையின் மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் நூற்பாலைகள் நிறைந்த லங்காஷயர் பகுதியில் மருத்துவர் முன்னால் நின்ற பிள்ளையும் இதே மாதிரிதான் நின்றிருக்கும். ஒரு வித்தியாசம், என்னைச் சாய்த்தது பள்ளிக்கூடத்துக்குள் அனுப்ப. அங்கே சாய்த்தது ஆலைக்குள் அனுப்ப.

'சாதாரணமான தோற்றம்' என்றால் என்ன? எந்தப் பிள்ளையோடு ஒப்பிடுவது? ஆலை ஊரில் ஆறு வயதிலிருந்தே அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டு, ஓடுகிற இயந்திரத்துக்கு அடியில் தவழ்ந்து பஞ்சுத் தூசியைக் கூட்டிக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள்தான் அங்கே சாதாரணம். ஒரு மருத்துவருக்கு ஒன்பதாகத் தெரிவது இன்னொருவருக்கு ஏழாகத் தெரியும். முதலில் எந்த மருத்துவர் எழுதினாலும் செல்லும் என்று இருந்தது. ஒருவர் மறுத்தால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருப்பார். அண்ணனைக் காட்டிச் சீட்டு வாங்கித் தம்பியை வேலைக்கு அனுப்புவதும் நடந்தது.

இந்த இடத்தில்தான் ஆலை ஆய்வாளர் லியோனார்டு ஹார்னர் வருகிறார். நம் பழைய நேயர்களுக்குப் பழக்கமானவர். நிலவியல் அறிஞர், லண்டன் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் நிர்வாகத் தலைவராக இருந்தவர், 1833-இல் நியமித்த நாலு ஆய்வாளர்களில் ஒருவர். கல்லின் வயதைப் பார்த்துப் பழகியவருக்குப் பிள்ளையின் வயதைக் கண்டுபிடிக்கும் வேலை! அவர் யோசித்தார், ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வதற்குப் பதில் உயரத்தை அளந்துவிடலாமே என்று. பல ஊர்ப் பிள்ளைகளின் உயரத்தை மருத்துவர்களை வைத்து அளக்கச் சொல்லி, இந்த உயரத்துக்குக் கீழே இருந்தால் ஒன்பது என்று சீட்டு தராதீர்கள் என்று அளவுகோல் வைக்கப் பார்த்தார்.

எனக்கு இந்த யோசனையில் ஒரு நியாயம் தெரிகிறது. சட்டம் காப்பாற்ற நினைத்தது பஞ்சாங்கத்தை அல்ல, உடம்பை. பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியாத உடம்பு எத்தனை வயதாக இருந்தால் என்ன? ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நிஜமாகவே பதின்மூன்று முடிந்த பையன், சோறு போதாமல் குட்டையாகப் போய்விட்டான் என்றால் அவனை இன்னும் சின்னப் பையன் கணக்கில்தான் வைப்பார்கள். முழு நேர வேலை கிடையாது, முழுக் கூலியும் கிடையாது. பட்டினி கிடந்ததற்கு மேலும் கொஞ்சம் பட்டினி.

சரி, உயரம் ஏமாற்றுகிறது, வேறு என்ன இருக்கிறது? 1837-இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற இளம் பல் மருத்துவர் ஒரு சிறு நூல் எழுதி நாடாளுமன்றத்தின் பார்வைக்கு வைத்தார். ஆலைப் பிள்ளைகளின் வயதைப் பல்லை வைத்துச் சொல்லலாம் என்பதுதான் அதன் வாதம். ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒன்பது வயதில் முன்வரிசைப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வந்திருக்கும். இரண்டாவது கடைவாய்ப்பல் வர ஏறக்குறைய பன்னிரண்டு, பதின்மூன்று ஆகும். சோறு குறைந்தால் உயரம் குறையும், பல் அந்த அளவுக்குப் பின்தங்காது என்பது அவர் கணக்கு. மனுஷர் பிற்காலத்தில் விக்டோரியா மகாராணிக்கே பல் மருத்துவராகி, சர் பட்டமும் வாங்கினார்.

நாம் சிரிப்போம். மாட்டுச் சந்தையில் செய்கிற வேலை அல்லவா இது! நாலு பல், ஆறு பல் என்று வாயைப் பிளந்து பார்த்துத்தானே விலை பேசுவார்கள். தானம் கொடுத்த மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் ஊரில் பழமொழி. ஆனால் சாண்டர்ஸைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. சந்தையில் பல்லைப் பார்ப்பது எவ்வளவு வேலை வாங்கலாம் என்று தெரிந்துகொள்ள. இவர் பார்த்தது, வேலை வாங்கக் கூடாது என்று சொல்ல.

இப்போது அந்த அம்மா கேட்காத கேள்விக்கு வருகிறேன். மன்னிக்க வேண்டும், இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்களா என்று நான் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன். வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது இருக்கட்டும். கண்டுபிடிக்க ஏன் அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது? பிள்ளையைப் பெற்றவளுக்குத் தெரியாதா? தெரியும். அவள்தான் பொய் சொன்னாள்.

அவளைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். சட்டம் பிள்ளையின் வேலை நேரத்தைக் குறைத்தது, குறைந்த கூலிக்கு ஈடாக அந்த வீட்டுக்கு எதுவும் கொடுக்கவில்லை. புருஷன் கைத்தறிக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள், விசைத்தறி வந்து அவன் கூலி விழுந்துகொண்டே இருக்கிறது. வாரக் கடைசியில் அந்தப் பிள்ளை கொண்டுவரும் சில பென்னிதான் ரொட்டி. ஏழு வயதை ஒன்பது என்றாள், பதினொன்றைப் பதின்மூன்று என்றாள். ஆலை முதலாளிக்கு அந்தப் பொய் வசதி, மருத்துவருக்கு அதில் கட்டணம். பொய்யால் யாருக்கும் உடனடி நஷ்டம் இல்லை, பொய்க்கு நடுவில் நிற்கிற பிள்ளையைத் தவிர.

பள்ளிக்கூட விஷயத்திலும் இதே கதைதான். ஆலைப் பிள்ளைக்குத் தினம் இரண்டு மணி நேரம் படிப்பு வேண்டும், வாத்தியாரிடம் சீட்டு வாங்கிவர வேண்டும் என்றது அதே சட்டம். சீட்டு வந்தது. எழுதத் தெரியாத வாத்தியார் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்த சீட்டு! கொதிகலன் பக்கத்துக் கரிக்கிடங்குதான் வகுப்பறை, கரி தள்ளுகிறவர்தான் ஆசிரியர் என்று ஆய்வாளர் அறிக்கைகளில் வருகிறது. காகிதம் கேட்டால் காகிதம் கிடைக்கும்.

அதனால்தான் நான் வாரா வாரம் ஒன்றையே சொல்கிறேன், உங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். ஒரு சட்டத்தை எடுத்தால் அபராதம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், கதவைத் தட்டப் போவது யார் என்று பாருங்கள். 1802-இலேயே ஒரு சட்டம் இருந்தது. கொண்டுவந்தவர் மூத்த ராபர்ட் பீல், அவரே ஆலை முதலாளி. அநாதைப் பிள்ளைகளைத் தொழில் பழக என்று கூட்டிவந்து வைத்திருந்த ஆலைகளுக்கான சட்டம் அது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வருடத்துக்கு ஒரு புதுத் துணி, வருடத்துக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று நல்ல நல்ல விஷயமெல்லாம் அதில் உண்டு. மேற்பார்வை யார்? உள்ளூர் நீதிபதிகள் நியமிக்கும் இரண்டு பேர், ஒருவர் நீதிபதி, ஒருவர் பாதிரியார். சம்பளம் கிடையாது. முதலாளி வீட்டு விருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எப்படி அவர் ஆலைக் கதவைத் தட்டுவார்கள்? 1819 சட்டமும் பருத்தி ஆலைகளுக்கு ஒன்பது வயது வரம்பு வைத்தது, தட்டுவதற்கு ஆள் வைக்கவில்லை.

1833-இல்தான் சம்பளம் வாங்குகிற, ஊர்க்காரர் அல்லாத நாலு பேர் வந்தார்கள். நாடு முழுவதற்கும் நாலே பேர்! உதவிக்கு வைத்த துணை அதிகாரிகளுக்கு இயந்திரக் கூடத்துக்குள் போகிற உரிமைகூட ஆரம்பத்தில் இல்லை. ஆனாலும் இந்த நாலு பேர் பார்த்ததை எழுதினார்கள். போலிச் சீட்டு, பெருக்கல் குறி, கரிக்கிடங்கு எல்லாம் நமக்குத் தெரிவது அவர்கள் எழுதியதால்தான். மார்க்ஸ் 'மூலதனம்' எழுதும்போது இந்த அறிக்கைகளை எடுத்துவைத்துக்கொண்டுதான் எழுதினார், ஹார்னரைப் பெயர் சொல்லிப் பாராட்டியும் இருக்கிறார். அந்த அறிக்கைகளின் பலனாக 1844 சட்டத்தில், சீட்டு கொடுக்கும் மருத்துவரை ஆய்வாளரே நியமிக்கலாம் என்று வந்தது. கண்ட மருத்துவரிடமும் வாங்குகிற கதை அதோடு குறைந்தது. அதே 1844 சட்டம் குறைந்தபட்ச வயதை ஒன்பதிலிருந்து எட்டாகக் குறைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வேலையை ஆறரை மணி நேரமாக்கிவிட்டு. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கினார்கள்.

இது ஏதோ தூர தேசத்துப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1881-இல் இந்தியாவுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் ஏழு வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது, ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரம். ஏழு வயது! 1891-இல்தான் அதை ஒன்பதாக்கினார்கள். இங்கேயும் பிறந்த தேதி யாரிடம் இருந்தது? வயதைச் சொல்ல மருத்துவர் வந்தார். 2025 வரை நடப்பில் இருந்த நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் பத்தாவது பிரிவைப் பாருங்கள், 'சான்றளிக்கும் மருத்துவர்' அங்கே உட்கார்ந்திருந்தார். லங்காஷயரில் பிள்ளையின் தோற்றத்தைப் பார்த்துச் சீட்டு எழுதியவருடைய வாரிசுதான் அவர்.

அந்த அம்மாவுக்கு இன்னொரு சின்னக் கணக்கு. 1837 ஜூலையில் பிறந்து முறையாகப் பதிவான குழந்தைக்குப் பதின்மூன்று வயது முடிவது 1850-இல். அதாவது சட்டம் வந்து பதினேழு வருடம் கழித்துத்தான் 'பதின்மூன்று முடிந்துவிட்டது, இதோ காகிதம்' என்று காட்டக்கூடிய முதல் பிள்ளை வருகிறது. அதுவும் பெற்றவர்கள் பதிந்திருந்தால். பதியாவிட்டால் அபராதம் என்ற கட்டாயம் வந்தது 1874-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான்.

தாத்தா கதையை முடித்துவிடுகிறேன். நான் ஐப்பசியில் பிறந்தவன். காது தொட்ட அன்று வாத்தியார் எழுதிய தேதி அதற்கு முந்தைய ஜூன் 1. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே பிறந்தநாள்தான். பிறகு அரசு வேலைக்குப் போனேன். ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு என்பது விதி, அதனால் மே 31-ஆம் தேதி மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். நிஜத் தேதி இருந்திருந்தால் அக்டோபர் 31 வரை இருந்திருப்பேன். தாத்தா தலையைச் சாய்த்ததில் ஐந்து மாதச் சம்பளம் போச்சு. வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அடுத்த கேள்வி, ஆலைக் கடிகாரத்தைத் திருகி வைத்தார்கள் என்று நான் முன்பு சொன்னது உண்மையா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அதைத் தனியாகவே பேசலாம்.