கொல்லிமலையில் சாமையைத் தோற்கடித்தது எது?

[திரை இருட்டு. உலக்கை விழும் சத்தம் மட்டும்.]

வணக்கம். இந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேளுங்கள், தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

இது சாமை குத்தும் சத்தம். ஒரு கிலோ அரிசி எடுக்க ஒரு மணி நேரம் குத்த வேண்டும், அதற்கு மேலும் ஆகலாம். வீட்டில் ஆறு பேர் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: வளைவு வளைவாக ஏறும் மலைச்சாலை]

இடம், நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை. அடிவாரத்தில் காரவள்ளி, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடிப்பதற்குள் வண்டியில் யாராவது ஒருவர் ஜன்னலோர இடம் கேட்டுவிடுவார். மேலே வருகிறவர்கள் பெரும்பாலும் அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி, முடவாட்டுக்கால் சூப் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சாயங்காலமே இறங்கிவிடுகிறார்கள். (அந்தச் சூப்பில் ஆடு கிடையாது. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது.) நாம் அதை எல்லாம் விட்டுவிட்டு, மலைமேல் இருக்கும் முக்கிய ஊரான செம்மேட்டைத் தாண்டி, உள்ளே இருக்கும் பட்டிகளுக்கு, அதாவது சின்னச் சின்ன ஊர்களுக்குப் போவோம்.

இங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள், இவர்கள் பேசுவது தமிழ்தான், மலையில் வாழ்கிற ஆட்கள் என்பதால் அந்தப் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் ஆளுக்கொரு மலைக்குப் பிரிந்துபோனார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். ஊர்களைச் சேர்த்து ‘நாடு’ என்பது இங்கே வழக்கம். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று பஞ்சாயத்துப் பெயர்களே அப்படித்தான் இருக்கின்றன.

நிலத்தைப் பாருங்கள். பள்ளத்தில் தண்ணீர் நிற்கிற இடத்தில் நெல். வீட்டைச் சுற்றிப் பலா, வாழை, காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக் கொடி. சரிவான மேட்டுக்காட்டில்தான் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு எல்லாம். ஏர் பூட்ட முடியாத அளவு சரிவு என்றால் கொத்தித்தான் விதைக்க வேண்டும்.

நாம் கடையில் ‘சாமை’ என்று ஒரே பெயரில் வாங்குகிறோம், இங்கே அது ஒரு பெரிய குடும்பம். மல்லியச்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, இன்னும் இருக்கின்றன. சில சீக்கிரம் அறுவடைக்கு வரும், சில ஐந்து மாதத்துக்கு மேல் காட்டிலேயே நிற்கும். ஏன் இத்தனை வகை? மழை தள்ளிப்போனால் குறுகிய காலத்துச் சாமை, நல்ல மழை என்றால் நீண்ட காலத்துச் சாமை, மண் மோசமான துண்டு நிலத்துக்கு வேறொன்று. காப்பீடு, வங்கி எல்லாம் வருவதற்கு முன்னால் மழையை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இந்த விதைப்பானைகள்தான் காப்பீடு. விதையைத் தேர்ந்தெடுத்து, காயவைத்து, அடுத்த வருஷத்துக்குப் பத்திரப்படுத்துவது பெரும்பாலும் பெண்கள் வேலை. பக்கத்து வீட்டில் விதை தீர்ந்துவிட்டால் கொடுப்பார்கள், அறுவடை முடிந்ததும் அது கொஞ்சம் கூடுதலாகத் திரும்பி வரும்.

சரி, இவ்வளவு நல்ல பயிர், தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, மட்டமான மண்ணிலும் வரும். அப்புறம் ஏன் இங்கே சாமை விளைவிப்பது குறைந்தது?

சோளம் கம்பு எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே பதிலைத்தான் நிறையப் பேர் சொல்வார்கள்: ‘ஜனங்கள் நாகரிகத்துக்கு மாறி அரிசி சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.’ எனக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. உலக்கை பிடிக்காத கை சொல்கிற பேச்சு அது.

[காட்சி: உள்ளங்கையில் சாமை மணி, மிக நெருக்கத்தில்]

இதைப் பாருங்கள். கடுகை விடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதா, அந்த அளவிலேயே ஒரு பங்கு தோல். கெட்டியான உமி, உள்ளே இருக்கும் அரிசியை இறுக்கிப் பிடித்திருக்கும். கேழ்வரகுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அதற்கு உமி ஒட்டியிருக்காது, நேராகத் திரிகையில் போட்டு மாவாக்கிக் களி கிண்டிவிடலாம். சாமையை முதலில் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், உமி போகாததை எடுத்து மறுபடி குத்த வேண்டும், மறுபடி புடைக்க வேண்டும். நெல் அரைக்கிற மில்லுக்குக் கொண்டுபோகலாமே என்றால், அந்த இயந்திரம் நெல்லின் அளவுக்குச் செய்தது. சாமையைப் போட்டால் பாதி உமியோடு அப்படியே வரும், மீதி நொய்யாகிவிடும்.

காலையில் காட்டு வேலை, அப்புறம் விறகு, தண்ணீர், பிள்ளைகள். இதெல்லாம் முடித்துவிட்டு உரலடிக்கு வருகிறவர் யார் என்று சொல்லவே வேண்டாம்.

ஒரு ஆச்சரியம் சொல்கிறேன். குறுந்தொகையில் 89ஆம் பாட்டு, பரணர் பாடியது. உரலில் குத்திக்கொண்டே வள்ளைப்பாட்டு பாடுகிற ஒரு பெண் அதில் வருகிறாள், ஊர் அதைப் பற்றி ஏதோ பேசுகிறது. அந்தப் பெண்ணுக்கு உவமையாக வருவது கொல்லிமலைப் பாவை, இந்த மலையில் தெய்வம் எழுதியதாகச் சொல்லப்படும் பெண் உருவம்! உரலும் பாட்டும் இந்த மலையும் அப்போதே ஒரே பாட்டில் இருக்கின்றன. ஆனால் உரல் வேலையில் பாட்டைத்தான் நாம் ரசித்துக்கொண்டிருந்தோம், தோள் வலியை யாரும் எழுதவில்லை.

இந்த நிலைமையில் மரவள்ளி வந்தது. கீழே சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள், அவற்றுக்குக் கிழங்கு வேண்டும். அந்த ஜவ்வரிசியில் பெரும்பகுதி வடக்கே போகிறது, மகாராஷ்டிரத்தில் விரத நாளில் கிச்சடி செய்ய. யாரோ எங்கேயோ விரதம் இருக்க, இங்கே கொல்லிமலைச் சரிவில் பயிர் மாறுகிறது. மரவள்ளியைக் குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம், பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் பணம். சரிவில் கிழங்கு பிடுங்கும்போது மேல்மண் இளகி மழையில் அடித்துக்கொண்டு போகிறது என்பது உண்மை. அது விவசாயிக்கும் தெரியும், ஆனால் பள்ளிக்கூடச் செலவுக்கு மண்ணைக் காட்ட முடியாதே. இன்னொரு பக்கம் ரேஷன் அரிசி, 2011இலிருந்து அதுவும் இலவசம். இரண்டும் சேர்ந்த பிறகு உரல் மூலைக்குப் போனது. அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டால் நிம்மதி என்றுதான் சொல்வார்கள்.

1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்கிறது. விதை வகைகளைச் சேகரித்தது, ஊர்களில் விதை வங்கி அமைத்தது எல்லாம் சரி, ஆனால் என் கணக்கில் முக்கியமானது சாமைக்கென்றே உமி நீக்கும் இயந்திரங்களைப் பட்டிகளுக்குக் கொண்டுவந்து, மகளிர் குழுக்கள் கையில் கொடுத்தது. சுவையைப் பற்றியும் சத்தைப் பற்றியும் ஆயிரம் கூட்டம் போடுவதை விட அந்த ஒரு மெஷின் பெரிய விஷயம். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்துக் கடைகளிலும் சாமைக்குக் கிராக்கி. இப்போது விளைகிற சாமையை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வீட்டில் ரேஷன் அரிசி பொங்குகிறவர்களும் உண்டு. அதில் தப்பு சொல்ல நமக்கு என்ன உரிமை?

[காட்சி: மீண்டும் உரல்]

ஆரம்பத்தில் கேட்ட சத்தம் எங்கே எடுத்தது என்று சொல்லவில்லையே. மெஷின் பழுதாகிக் கிடந்த ஒரு நாளில், ஒரு ஆயா எங்களுக்காகக் குத்திக் காட்டியது. நான் பக்கத்தில் நின்று, உரல் போனது பண்பாட்டு இழப்பு என்று மைக்கில் ஏதோ அளந்துகொண்டிருந்தேன். அவர் உலக்கையை என் பக்கம் நீட்டினார். “குத்திப் பாரு சாமி, அப்புறம் பேசு.”

பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. உள்ளங்கை சிவந்துவிட்டது, உரலில் பாதி நொய். ஆயா ஒன்றும் சொல்லாமல் அதை முறத்தில் அள்ளிப் புடைத்தார், நொய்யைக் கோழிக்கு வீசினார், உமி போகாததை மறுபடி உரலில் கொட்டினார்.