காரணம் கேட்கிற சட்டம் வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் ஐயா அவர்களே, வாசல் வரை நிற்கிற காரைக்குடிப் பெரியோர்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

குன்றக்குடி அடிகளார் வளர்த்த மேடை இது. மனதில் இல்லாததை இங்கே பேசமாட்டேன். 'கருவில் குறை தெரிந்தால் கலைப்பதைச் சட்டம் தடுக்க வேண்டும்' என்கிறது எதிரணி. 'தாயின் முடிவுக்கே விட வேண்டும்' என்பது எங்கள் அணி. நான் எழுந்ததும் கீழே சிலர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. மூன்றாவது வரிசையில் என் மகன் உட்கார்ந்திருக்கிறான். 19 வயது. டவுன் சிண்ட்ரோம், அதாவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் அறிவு வளர்ச்சிக் குறை. 'இந்தப் பிள்ளையைப் பெற்றவள் எப்படி அந்தப் பக்கம் பேசுகிறாள்?' என்கிறீர்கள். இவனை வளர்த்ததால்தான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.

ஐயா அமெரிக்காவைக் காட்டினார்கள். சரி, அதையே பார்ப்போம். ஓஹையோ மாநிலத்தில் 2017 டிசம்பரில் ஒரு சட்டம் கையெழுத்தானது. டவுன் சிண்ட்ரோம்தான் காரணம் என்று தெரிந்தும் கருக்கலைப்புச் செய்கிற டாக்டர் குற்றவாளி. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதற்கு வழிவிட்டது. 'தெரிந்தும்' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். பெண் வாய் திறந்து சொன்னால் டாக்டருக்குக் குற்றம். சொல்லாமல் இருந்துவிட்டால் குற்றம் இல்லை. அப்புறம் எந்தப் பெண் வாய் திறப்பாள்? 'இதயத்தில் ஓட்டை இருக்குமா? எந்த ஊரில் பிரசவம் வைத்துக்கொள்வது?' என்று கேட்க வேண்டியதையெல்லாம் விழுங்கிக்கொண்டு போவாள். இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டு. பெற்றுக்கொள்ளலாமா என்று தவிக்கிறவளுக்குத்தான் டாக்டரிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சைத்தான் இந்தச் சட்டம் நிறுத்துகிறது.

'பெண் கரு என்று கலைத்தால் தப்பு, குறையுள்ள கரு என்று கலைத்தால் மட்டும் சரியா?' என்று கேட்டார் எதிரணித் தம்பி. நல்ல கேள்வி. இதை நானே என்னிடம் பல ராத்திரி கேட்டிருக்கிறேன். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டம், ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்லக் கூடாது என்கிறது. ஸ்கேன் அறைக்குப் பூட்டுப் போட்டது அந்தச் சட்டம். அந்த விவரத்தை மறைப்பதால் தாய்க்கு ஒரு கெடுதலும் இல்லை. குறையை மறைக்க முடியுமா? பெற்றுக்கொள்ள முடிவு செய்தவளுக்கும் அது தெரிந்தாக வேண்டுமே. அதனால்தான் அதே சட்டம் குரோமோசோம் கோளாறு பார்க்கும் பரிசோதனைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி. 21ஆவது வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் இல்லை. சிறுநீரகம் இல்லாவிட்டால் பனிக்குட நீர் சேராது, நீர் இல்லாவிட்டால் நுரையீரல் வளராது. பிறந்தாலும் மூச்சுவிட முடியாத பிள்ளை. அப்போது 1971 கருக்கலைப்புச் சட்டத்தின் 20 வார வரம்பு நடப்பில் இருந்தது. உறுப்புகளைப் பார்க்கிற ஸ்கேனே 18, 20 வாரத்தில்தான் எடுக்கிறார்கள்! அவள் வக்கீல் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தாள். பஸ்ஸில் வயிற்றைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தவர்கள் 'எத்தனை மாசம்மா?' என்று கேட்டதுதான் தாங்க முடியவில்லை என்றாள். 2021 திருத்தம் வந்த பிறகு, கடுமையான கோளாறு என்று மருத்துவ வாரியம் உறுதி செய்தால் வார வரம்பு இல்லை. அந்தப் பிரிவைத்தான் எடுக்கச் சொல்கிறது எதிரணி.

எடுத்த நாடும் உண்டு. போலந்தில் 2019இல் சட்டப்படி நடந்த கருக்கலைப்பு சுமார் 1,100. அநேகமாக எல்லாமே கருவின் குறைக்காக. 2020 அக்டோபரில் அவர்கள் அரசியல் சாசனத் தீர்ப்பாயம் அந்த வழியை மூடியது. மறு வருஷம் செப்டம்பரில், 22 வாரக் கர்ப்பம், குறையுள்ள கரு, பனிக்குடம் உடைந்த ஒரு 30 வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கருவின் இதயத் துடிப்பு நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவளும் போய்விட்டாள்.

எதிரணியிடம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். பிரிட்டனில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண்ணே, குறையுள்ள கருவுக்கு மட்டும் கால வரம்பைத் தளர்த்துவது தன்னைப் போன்றவர்களை இழிவுபடுத்துகிறது என்று வழக்குப் போட்டார். 2021லும் 2022 மேல்முறையீட்டிலும் தோற்றார். அவர் வலி எனக்குத் தெரியும். என் மகன் பிறந்த அன்று ஒரு டாக்டர் முகத்தைப் பார்க்காமலே 'முன்னாடியே தெரியாமப் போச்சே' என்றார். ஒரு பள்ளியில் மற்றப் பெற்றோர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று ஃபீஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அன்று எனக்குத் தேவைப்பட்டது பள்ளியில் ஓர் இடமும் பேச்சுப் பயிற்சி தர ஓர் ஆளும். கருக்கலைப்பைத் தடுத்து எழுதும் எந்தச் சட்டத்தில் அவை இருக்கின்றன?

மதிப்பது என்றால் பிறந்த பிள்ளைக்குச் செய்யுங்கள். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை. பேச்சுப் பயிற்சிக்கு மதுரை போய்வர எத்தனை நாள் வரும் அது? தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999லேயே வந்தது. 18 வயது தாண்டியவனுக்குச் சட்டப்படி காப்பாளர் நியமிக்கலாம் என்று அப்போதே எழுதியாகிவிட்டது. இந்த அரங்கில் எத்தனை பேருக்கு அது தெரியும்? நம் நகரத்தார் வழக்கில் கல்யாணம் ஆனால்தான் ஒருவன் புள்ளி, அதாவது கணக்கில் ஒரு தனிக் குடும்பம். என் மகன் எந்தப் புள்ளியில் வருவான்? எனக்குப் பிறகு அவன் யார் வீட்டில் சாப்பிடுவான்? ராத்திரி என்னை எழுப்புகிற கேள்வி இதுதான்.

போன ஆனி மாதம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பனிக்குட நீர்ப் பரிசோதனையின் முடிவு கையில் இருந்தது. பட்டாலையில் உட்காரவைத்தேன். மகன் பலகாரப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தான். டப்பாவுக்குள் தேன்குழலை அடுக்கி, நடுவில் தாள் வைத்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவான். அந்த முடிச்சைப் பழக நாலு வருஷம் ஆனது. அவள் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வயதில் பேசினான், பாத்ரூமுக்குத் தானே போக எப்போது பழகினான், செலவு எவ்வளவு, நீங்கள் அழுதீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கிளம்பும்போது அவன் ஒரு தேன்குழலை அவள் கையில் வைத்து, 'சாப்பிடுங்க அக்கா' என்றான். தின்றுகொண்டே படி இறங்கினாள்.

அவள் என்ன முடிவெடுத்தாள் என்று இன்று வரை நான் கேட்கவில்லை.