தெரிவு பிறக்கும் இடம் ஆசையே

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். மனிதரின் தெரிவுகளைத் தீர்மானிப்பது தேவையா, ஆசையா? ஆசைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், தொண்ணூறுகளில் போர் நடந்தபோது யாழ்ப்பாணத்துக்கு அரசு போட்ட பொருளாதாரத் தடையைச் சொன்னார். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் நெருப்பு விலை, சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு. அந்த யாழ்ப்பாணத்தை நடத்தியது தேவைதான் என்றார். அவர் சொன்ன கஷ்டம் அத்தனையும் உண்மை. நானும் அதற்குள் வளர்ந்தவன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். பற்றரிக்கும் தடை இருந்த அந்த நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பாட்டுக் கேட்டோமே, அது எந்தத் தேவை? ஒருவர் பெடலைச் சுற்ற, நாலைந்து பேர் குந்தியிருந்து கேட்போம். கை உளைந்தால் ஆள் மாறும். வேகம் குறைந்தால் பாட்டு இழுபடும், "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவோம். பாட்டுக் கேட்காததால் யாரும் செத்ததில்லை. அரைவயிறு உண்ட உடம்பு, மிச்சமிருந்த பலத்தைப் பாட்டுக்குக் கொடுத்தது. அதுதான் தெரிவு!

தேவை மட்டும் இருக்கிற இடத்தில் தெரிவே இல்லை, நடுவர் அவர்களே. தாகம் எடுத்தால் குடித்தே ஆக வேண்டும். கிணற்றுத் தண்ணீரா, இளநீரா, நெல்லிரசமா என்று கேட்கும்போதுதான் தெரிவு தொடங்குகிறது. பசிக்கு ஒடியல் மாவும் உப்பும் போதும். அதற்குள் நண்டு, இறால், மீன்தலை, பயத்தங்காய், பலாக்கொட்டை, பழப்புளி, செத்தல் மிளகாய் எல்லாம் போட்டுக் கூழ் காய்ச்சி, பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிக்கச் சொன்னது பசியா?

வயிறு முதலில், மற்றதெல்லாம் பிறகு என்பதற்கு, உளவியலாளர் மாஸ்லோ மனிதத் தேவைகளின் வரிசை பற்றி 1943இல் எழுதிய கட்டுரையை எதிரணியில் ஒருவர் காட்டினார். சரி. இந்த வரிசை எல்லோருக்கும் ஒன்றல்ல, இலட்சியத்துக்காக எல்லாவற்றையும் துறப்பவர்களும் உண்டு என்று அதே கட்டுரையில் அவரே சொல்லியிருக்கிறார். அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஆசையால் கடன்பட்டு நொந்த குடும்பங்கள் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. எனக்குத் தெரியும். ஆசை நல்லது என்று நான் வாதாடவில்லை; முடிவெடுக்கும் நேரத்தில் கையைப் பிடித்து நடத்துவது அதுதான் என்கிறேன்.

1995 ஒக்டோபர் 30. போருக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி, நாவற்குழிப் பாலத்தால் அடுத்த பகுதியான தென்மராட்சிக்கு நடந்த இரவு. மழை வேறு. அம்மாவின் சைக்கிள் கரியரில் ஒரு பொதிக்குத்தான் இடம். கட்டிய அரிசிப் பையை அவிழ்த்து இறக்கிவிட்டு, கல்யாண அல்பத்தைப் பொலித்தீனில் சுற்றி அந்த இடத்தில் வைத்துக் கட்டினார். அப்பா ஏசினார். "அரிசியை ஆரிட்டையும் கேட்டு வாங்கலாமப்பா" என்றார் அம்மா. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் இரண்டு நாள் கஞ்சியோடு கிடந்தோம். அரிசியை விட்டுவந்ததற்காக அம்மா ஒரு சொல் வருந்தி நான் கேட்கவில்லை.

இங்கே வர முன் அந்த அல்பத்தை எடுத்துப் பார்த்தேன். மழை ஊறிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருக்கின்றன. அம்மா கூறைச்சேலையோடு நிற்கிற படத்தில் ஒரு பொட்டு ஈரமும் படவில்லை.

நன்றி, வணக்கம்.