மூன்று அறிகுறியும் இருந்தது, கேன்சர் இல்லை

வணக்கம் மக்களே. சினைப்பை நீர்க்கட்டி பற்றிப் போன வீடியோவில் பேசியதிலிருந்து பலர் கேட்பது இதைத்தான்: "அக்கா, கட்டி கெட்டியாக இருக்கிறதாம், வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறதாம், ரத்தத்தில் பார்க்கிற சிஏ 125 என்கிற புரத அளவும் ஏறியிருக்கிறதாம். அப்போ கேன்சர்தானே?"

அப்படி இப்போதே முடிவு கட்டாதீர்கள். எங்கள் சின்னம்மாவுக்கு இந்த மூன்றுமே இருந்தன. அவருக்கு வந்தது புற்றுநோய் இல்லை. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

வயிறு உப்பியபோது வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவந்தார். அப்புறம் தேக்கா மார்க்கெட்டில் இரண்டு கடை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. பாவாடை நாடா இடுப்பில் பதிந்து சிவந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பலதுறை மருந்தகத்தில் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்ததுமே மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். ஸ்கேனில் சினைப்பையில் கெட்டிக் கட்டி, வயிற்றில் நீர், வலது நுரையீரலைச் சுற்றியும் நீர். சிஏ 125 வழக்கமாக 35க்குள் இருக்கும்; இவருக்குப் பல மடங்கு. சித்தப்பா அன்று ராத்திரியே இன்சூரன்ஸ் காகிதங்களை மேசையில் பரப்பிவிட்டார்.

கடைசியில் தெரிந்தது, மெய்க்ஸ் சிண்ட்ரோம். பாஸ்டன் டாக்டர் ஜோ மெய்க்ஸ் 1937இல் இன்னொரு டாக்டருடன் சேர்ந்து இதைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். சினைப்பையில் ஃபைப்ரோமா என்கிற சாதுவான, அதாவது புற்று இல்லாத, நார்க்கட்டி வருவதே குறைவு. அதோடு வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோப்பது இன்னும் அபூர்வம். வயிற்று நீர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் வழியாக மேலேறுகிறது, பெரும்பாலும் வலது பக்கம். வயிற்றின் உள்சவ்வு உறுத்தப்பட்டாலே சிஏ 125 ஏறும். கருப்பை உள்சவ்வு மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய், ஏன், மாதவிடாய் நேரத்தில்கூட ஏறலாம்.

ஆனால் ஒன்று, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்புதான் அதிகம். அதனால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

"ஊசி வைத்துக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்க்கக் கூடாதா?" என்று நானும் கேட்டேன். சினைப்பைக் கட்டியில் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. ஒருவேளை புற்றாக இருந்தால் வயிற்றுக்குள் சிந்திப் பரவிவிடும். நெஞ்சு நீரைத்தான் எடுத்துச் சோதித்தார்கள். புற்றணு இல்லை. அதை மட்டும் வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

அதனால் ஆபரேஷன். எடுத்த கட்டி உடனே பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறது. அங்கே ஒரு துண்டை உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அந்தப் பதில் வரும்வரை நோயாளி மேசையில் மயக்கத்தில்தான் இருப்பார். எவ்வளவு எடுப்பது என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது. பிறகு டாக்டர் படம் காட்டினார். வெட்டிய பக்கம் வெள்ளை வெளேரென்று, சுழி சுழியாக, கெட்டி ரப்பர் மாதிரி இருந்தது.

சின்னம்மாவுக்கு மாதவிடாய் நின்று பல வருடம் ஆனதால் இரண்டு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் எக்ஸ்ரேயில் நெஞ்சு நீர் வற்றியிருந்தது, சிஏ 125உம் இறங்கிவிட்டது. கீமோ எதுவும் தேவைப்படவில்லை.

இன்னும் கல்யாணமாகாத ஒரு தங்கை, குழந்தை பெற முடியுமா என்று கேட்டிருந்தார். கண்ணு, சாதுவான கட்டி என்றால் இளம் வயதில் கட்டியை மட்டுமோ, அந்தப் பக்கத்துச் சினைப்பையை மட்டுமோ எடுப்பார்கள். மற்றது நன்றாக இருந்தால் கருத்தரிக்க அதுவே போதும். குழந்தை வேண்டும் என்பதை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.